பூஞ்சையைப் பகையாக மட்டுமே அறிந்த வேளாண் கொள்கை

கடந்த சில ஆண்டுகளாக இந்திய வேளாண்மை குறித்து இரண்டு செய்திகள் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கின்றன. உத்தரப் பிரதேசக் கரும்பு விவசாயிகளை வாழவைத்த 'கோ 0238' என்னும் ரகம் செவ்வழுகல் நோய்க்கு இரையாகிக் களத்திலிருந்து அகன்றுவருகிறது என்பது ஒன்று. விதைப்புப் பருவம் தொடங்கும்போதெல்லாம் டி.ஏ.பி. உரத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, கூட்டுறவுச் சங்கங்களின் வாசலில் விவசாயிகள் வரிசையில் காத்து நிற்கிறார்கள் என்பது மற்றொன்று. முதலாவது பயிர்நோய் வல்லுநர்களின் கவலையாகவும், இரண்டாவது உரத் துறையின் கவலையாகவும் கருதப்படுகின்றன. அரசு அலுவலகங்களில் இவை வெவ்வேறு கோப்புகள். நாளிதழ்களில் வெவ்வேறு பக்கங்கள்.

ஆனால், இவ்விரு செய்திகளையும் இணைக்கும் உயிரினக் குழு ஒன்று உண்டு. அதுதான் பூஞ்சை. கரும்பின் தண்டைச் செல்லரிப்பதும் ஒரு பூஞ்சையே. மண்ணில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தை வேருக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் மற்றொரு பூஞ்சையே. நம் வேளாண் கொள்கையோ பூஞ்சை என்றவுடன் மருந்துத் தெளிப்பானைத் தேடுகிறது. பகைப் பூஞ்சையிடம் மீண்டும் மீண்டும் தோற்பதும், நட்புப் பூஞ்சையை அறியாமலே அழிப்பதும் ஒரே பார்வைக் குறையின் இரு விளைவுகள் என்பதே என் வாதம்.

ஒரு ரகத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும்

கோவையில் 1912-இல் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உலகக் கரும்பு வேளாண்மைக்கு இந்தியா அளித்த பெருங்கொடை. ரகங்களின் பெயருக்கு முன்னால் வரும் 'கோ' என்பது கோயம்புத்தூரைக் குறிப்பது. அந்நிறுவனத்தின் கர்னால் மண்டல மையத்தில் உருவாகி 2009-இல் வெளியிடப்பட்ட ரகம்தான் கோ 0238. விளைச்சலும் மிகுதி, சர்க்கரைக் கட்டுமானமும் மிகுதி. இவ்விரண்டும் ஒரே ரகத்தில் அமைவது அரிது. எனவே விவசாயியும் ஆலையும் ஒருசேர அதை விரும்பினர். ஒரு கட்டத்தில் உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பில் 80 சதவீதத்துக்கும் மேல் இந்த ஒரே ரகம் நின்றது. அதை உருவாக்கிய விஞ்ஞானி பக்ஷி ராமுக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அது முற்றிலும் தகுதியான சிறப்பு.

ஆனால், அதே காலகட்டத்தில் வயல்களில் வேறொரு கதை நடந்தேறியது. செவ்வழுகல் நோய் தாக்கிய கரும்பின் மேலிலைகள் முதலில் மஞ்சளாகி வாடும். தண்டைப் பிளந்து பார்த்தால் உட்பகுதி சிவந்து, குறுக்கே வெண்திட்டுகளோடு, புளித்த சாராய வாடை வீசும். கரும்பைக் காக்கும் மருந்து என்று அந்நிலையில் எதுவும் கிடையாது. தூரோடு பிடுங்கி அழிப்பது ஒன்றே வழி. வெளியான காலத்தில் அன்றிருந்த செவ்வழுகல் பூஞ்சை வகைகளைத் தாங்கி நின்ற கோ 0238, பூஞ்சையின் புதிய வீரிய வகை தோன்றியதும் நிலைகுலைந்தது. அந்த ரகத்தைக் கைவிட்டு கோ 0118 உள்ளிட்ட மாற்று ரகங்களுக்கு மாறுமாறு மாநில அரசே விவசாயிகளை வலியுறுத்தும் நிலை வந்தது.

இது தமிழகம் முன்பே கண்ட காட்சி. கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தந்த கோ.சி. 671 சர்க்கரைக் கட்டுமானத்துக்குப் பெயர்பெற்ற ரகம். அதுவும் கடலோர மாவட்டங்களில் செவ்வழுகலுக்குப் பலியாகித்தான் மறைந்தது. ஒவ்வொரு முறையும் ரகத்தின் மீது பழி விழுகிறது. புதிய ரகம் வருகிறது. அதுவும் எல்லா வயல்களிலும் பரவுகிறது. பூஞ்சை மறுபடியும் அதற்கான சாவியைக் கண்டுபிடிக்கிறது.

சாவி என்று சொல்வது வெறும் உவமையில்லை. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஆளிவிதைப் பயிரின் துரு நோயை ஆராய்ந்த ஹரால்டு ஃப்ளோர் 1940-களில் ஓர் உண்மையை நிறுவினார். பயிரிடம் உள்ள ஓர் எதிர்ப்பு மரபணுவுக்கு ஈடாகப் பூஞ்சையிடம் ஒரு மரபணு இருக்கிறது. அது மாறிவிட்டால் பயிரின் எதிர்ப்பு செயலற்றுப்போகிறது. பூஞ்சை ஒரே பருவத்தில் கோடிக்கணக்கான வித்துகளை உமிழ்கிறது. அவற்றுள் ஏதேனும் ஒன்று தற்செயலாக மாறினாலும் போதும். வயலுக்கு வயல் வேறு ரகம் இருந்தால் அந்த மாற்றம் ஒரு மூலையிலேயே அடங்கிப்போகும். லட்சக்கணக்கான ஹெக்டேரில் ஒரே ரகம் இருந்தால், திறந்த ஒரு பூட்டு எல்லா வீட்டுக் கதவுகளையும் திறந்துவிடுகிறது. எனவே கோ 0238-இன் வீழ்ச்சிக்கு ரகத்தின் குறையைவிட, அதை எல்லையின்றிப் பரவவிட்ட நிர்வாகத்தின் குறையே பெரிது.

கரும்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. விதை என்று நாம் நடுவது கரணை. நோயுற்ற வயலின் கரணை வண்டியேறிச் சென்றால் நோயும் உடன் செல்கிறது. மறுதாம்பில் அது இன்னும் பெருகுகிறது. தூய விதைக் கரும்பு நாற்றங்கால்களை நடத்துவது செலவு பிடிக்கும் வேலை. வெளிச்சத்துக்கு வராத வேலை. அதைப் புறக்கணித்ததன் விலையை விவசாயி செலுத்துகிறார்.

எல்லை அறியாத வித்துகள்

பூஞ்சை நோய்களின் பரவல் ஒரு மாநிலத்தோடு நிற்பதில்லை. நெல் விவசாயிகள் நன்கறிந்த குலை நோய்ப் பூஞ்சையின் உறவினமான ஒரு வகை, 1985-இல் பிரேசிலில் முதன்முறையாகக் கோதுமையைத் தாக்கியது. 30 ஆண்டுகள் தென் அமெரிக்காவுக்குள் இருந்த அது, 2016-இல் வங்கதேசத்தில் ஏறத்தாழ 15,000 ஹெக்டேர் கோதுமையைத் தாக்கியது. மரபணுத் தொகுதியை ஒப்பிட்டபோது, அது தென் அமெரிக்க வகையைச் சேர்ந்தது என்பது உறுதியானது. கடல் கடந்த அந்த நோயை எல்லையிலேயே தடுக்க, மேற்கு வங்கத்தின் நதியா, முர்ஷிதாபாத் மாவட்டங்களில் கோதுமைச் சாகுபடியையே நிறுத்திவைக்க நேர்ந்தது. 2018-இல் அதே நோய் ஆப்பிரிக்காவில் ஜாம்பியாவை எட்டியது.

கோதுமை பெரிதாக விளையாத தமிழகத்தில், நீலகிரி மாவட்டம் வெல்லிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் கோதுமைக்கென்றே ஒரு மண்டல நிலையத்தை நடத்திவருகிறது. பலருக்கு இது வியப்பாக இருக்கலாம். காரணம் எளிது. சமவெளியின் கோடை வெப்பத்தில் கோதுமைத் துருப் பூஞ்சை பிழைக்காது. நீலகிரி, பழனி மலைகளின் குளிரில் அது ஆண்டு முழுவதும் உயிர்த்திருந்து, காற்றிலும் மழையிலும் ஏறி மத்திய இந்தியாவை நோக்கிச் செல்கிறது. ஆக்ராவில் பணியாற்றிய கே.சி. மேத்தா 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தொடங்கிய ஆய்வுகள் இந்தச் சுழற்சியை வெளிக்கொணர்ந்தன. பகை எங்கே தங்குகிறது, எந்தப் பாதையில் வருகிறது என்று அறிந்து அதற்கேற்ப ரகங்களைப் பகிர்ந்து பயிரிட்டதால்தான் கோதுமைத் துரு நோய் இந்தியாவில் பெருமளவு கட்டுக்குள் இருக்கிறது. கோதுமையில் கைக்கொண்ட அந்த ஒழுங்கைக் கரும்பில் கைக்கொள்ளாதது ஏன் என்ற கேள்விக்கு இன்றுவரை தெளிவான விடை இல்லை.

வேருக்குள் ஒரு பழைய உறவு

இனி நாணயத்தின் மறுபக்கத்துக்கு வருவோம். 1885-இல் ஜெர்மனியின் ஆல்பர்ட் ஃபிராங்க், மர வேர்களில் பூஞ்சை இழைகள் பின்னிக்கிடப்பதைக் கண்டு, அது நோயில்லை, கூட்டுவாழ்க்கை என்று அறிவித்தார். மைக்கோரைசா என்று அவர் சூட்டிய பெயரே இன்றும் வழங்குகிறது. தமிழில் அதை வேர்ப்பூஞ்சை எனலாம். தமிழக விவசாயிகளுக்கு இதில் ஒரு வகை 'வேம்' என்னும் பெயரில் அறிமுகமாகியிருக்கிறது. நிலத் தாவரங்களில் மிகப் பெரும்பாலானவை இத்தகைய ஏதோவொரு கூட்டுறவைக் கொண்டவை. ஸ்காட்லாந்தின் ரைனி என்னுமிடத்தில் கிடைத்த, 40 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான தாவரப் புதைபடிவங்களிலேயே இந்தப் பூஞ்சையின் தடம் தெளிவாக இருக்கிறது. முறையான வேர் உருவாவதற்கு முன்பே உருவான உறவு இது.

இந்த உறவின் பொருளாதாரம் எளிமையானது. மணிச்சத்து எனப்படும் பாஸ்பரஸ் மண்ணில் நகராத சத்து. களர்த்தன்மை கொண்ட மண்ணில் அது சுண்ணாம்போடும், செம்மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்துவிடும். தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டருக்குள் உள்ளதை வேர் உறிஞ்சித் தீர்த்த பிறகு, அதற்கு அப்பால் இருப்பது எட்டாக்கனி. பூஞ்சையின் இழை வேர்த்தூவியைவிட மிக மெல்லியது. வேர் நுழைய முடியாத மண்துகள் இடுக்கில் அது நுழையும். பல சென்டிமீட்டர் தூரம் பரவும். மணிச்சத்தோடு துத்தநாகத்தையும் சேர்த்துக் கொண்டுவரும். பதிலுக்குப் பயிர் தான் தயாரித்த சர்க்கரையிலும் கொழுப்பிலும் ஒரு பங்கைத் தருகிறது. இது தர்மத்துக்கு நடக்கும் கொடுக்கல் வாங்கலில்லை. டோபி கியர்ஸ் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதிகம் மணிச்சத்து தரும் பூஞ்சைக்கே பயிர் அதிக சர்க்கரை தருகிறது. பூஞ்சையும் அவ்வாறே தாராளமான வேரைத் தேர்ந்தெடுக்கிறது.

பயிர் இந்தக் கூட்டாளியை அழைக்கும் விதமும் கவனிக்கத்தக்கது. மணிச்சத்துக் குறைவை உணரும்போது வேர் 'ஸ்ட்ரிகோலாக்டோன்' என்னும் வேதிப்பொருளைக் கசியவிடுகிறது. அதை உணர்ந்த பூஞ்சை கிளைத்து வேரை நோக்கி வருகிறது. ஜப்பானிய விஞ்ஞானிகள் 2005-இல் இதை நிறுவினர். சோளக் கொல்லைகளில் தொல்லை தரும் சுடுமல்லி என்னும் ஒட்டுண்ணிக் களையும் இதே கசிவை மோப்பம் பிடித்தே முளைக்கிறது. நண்பனுக்கு அனுப்பிய ஓலையைப் பகைவனும் படிக்கிறான் என்பது இயற்கையின் விந்தை.

இங்கேதான் நம் உரக் கொள்கை குறுக்கிடுகிறது. மண்ணில் கரையும் மணிச்சத்து மிகுந்துவிட்டால் வேர் அந்த அழைப்பை நிறுத்திவிடுகிறது. தேவையில்லாத கூட்டாளிக்குச் சர்க்கரையைச் செலவிடப் பயிருக்கு என்ன அவசியம்? ஆண்டுதோறும் அளவுக்கு மிஞ்சி டி.ஏ.பி. இடும் வயலில் வேர்ப்பூஞ்சை மெல்ல மெல்ல ஒதுங்குகிறது. இட்ட உரத்தில் அந்தப் பருவத்துப் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சம் மண்ணில் சேர்ந்து பூட்டிக்கொள்கிறது. அதைத் திறந்து எடுத்துத் தரவல்ல பூஞ்சையை ஒதுங்கவைத்துவிட்டு, அடுத்த பருவத்துக்கு மறுபடியும் உர மூட்டையைத் தேடுகிறோம்.

அந்த மூட்டையின் மறுமுனை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். உலகின் பாஸ்பேட் பாறை இருப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் மொராக்கோவின் கையில் இருக்கிறது. இந்தியா தன் தேவையின் பெரும்பகுதியைப் பாறையாகவோ, பாஸ்பாரிக் அமிலமாகவோ, ஆயத்த உரமாகவோ வெளிநாடுகளிலிருந்தே பெறுகிறது. சீனா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினால் இங்கே கிராமத்துச் சங்கத்தில் இருப்பு தீர்ந்துபோகிறது. விவசாயிக்கு 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால், உண்மை விலைக்கும் அதற்குமான இடைவெளியை அரசின் கருவூலம் நிரப்புகிறது. 2010 முதல் நடைமுறையில் இருக்கும் சத்து அடிப்படையிலான மானியத் திட்டம் சமச்சீர் உரமிடலுக்காகக் கொண்டுவரப்பட்டது. மூட்டைக்கு மானியம் தரும் அத்திட்டம், மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் சத்தைப் பயன்படுத்துபவருக்கு எதையும் தருவதில்லை.

ஒரே வாசல்

நோய் எதிர்ப்பும் சத்து உறிஞ்சலும் இரு வேறு துறைகள் என்ற எண்ணத்தை மூலக்கூறு உயிரியல் தகர்த்துவிட்டது. பூஞ்சைகளின் உடற்சுவர் கைட்டின் என்னும் பொருளால் ஆனது. நெற்பயிரின் செல் பரப்பில் 'செர்க்-1' எனப்படும் ஏற்பிப் புரதம் ஒன்று கைட்டின் துண்டுகளை உணர்வதில் பங்கேற்கிறது. குலை நோய்ப் பூஞ்சை வந்தால் எச்சரிக்கை மணி அடிப்பதில் இதற்குப் பங்கு உண்டு. 2014, 2015 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள், இதே புரதத்தை முடக்கினால் வேர்ப்பூஞ்சையை வரவேற்கும் திறனும் குன்றுகிறது என்று காட்டின. பகைவனை அடையாளம் காண்பதும் நண்பனை அடையாளம் காண்பதும் ஒரே வாசற்காவலனின் பணி.

இந்த உறவு பயிரின் தற்காப்பையும் கூர்மைப்படுத்துகிறது. வேர்ப்பூஞ்சை குடியேறிய பயிர், பின்னர் ஒரு நோய்க்கிருமி தாக்கும்போது விரைவாகவும் வலுவாகவும் எதிர்வினை காட்டுவது பல பயிர்களில் நிறுவப்பட்டுள்ளது. குறிப்பாக, வேரழுகல் போன்ற மண்வழி நோய்களுக்கு எதிராக இது பயன் தருகிறது. ஆனால், உயிருள்ள இலைத்திசுவில் வாழும் சாம்பல் நோய் போன்றவற்றுக்கு எதிராக இப்பயன் உறுதியாகக் கிடைப்பதில்லை. சர்வரோக நிவாரணி என்று யாரேனும் கூவினால் விவசாயி ஐயப்படுவதே நல்லது.

பொட்டலத்தில் அடங்காத தீர்வு

அப்படியானால் வேர்ப்பூஞ்சையைப் பொட்டலமாக வாங்கி வயலில் தூவிவிட்டால் போதுமா? போதாது. இதைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை விற்பனை விளம்பரமாகிவிடும்.

சுவிட்சர்லாந்தில் 54 மக்காச்சோள வயல்களில் வேர்ப்பூஞ்சை இட்டுச் செய்த கள ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. வயலுக்கு வயல் பயிர் வளர்ச்சி 12 சதவீதம் குறைந்ததிலிருந்து 40 சதவீதம் கூடியதுவரை வேறுபட்டது. ஒரே பூஞ்சை, ஒரே பயிர். விளைவு மட்டும் தலைகீழ். மண்ணின் நுண்ணுயிர்க் குறிகாட்டிகளைக் கொண்டு இந்த வேறுபாட்டைப் பெருமளவு முன்கூட்டியே கணிக்க முடியும் என்பது அந்த ஆய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு. அதைவிட ஆழ்ந்த செய்தி ஒன்றும் அதில் இருந்தது. பூஞ்சை எங்கே அதிகம் பயன் தந்தது என்பதைக் கணிக்க, மண்ணில் சத்து எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, நோய்ப் பூஞ்சைகள் எவ்வளவு இருக்கின்றன என்பதே சிறந்த குறியாக அமைந்தது. பகைப் பூஞ்சை மிகுந்த மண்ணில்தான் நட்புப் பூஞ்சையின் உதவி மிகுதியாகத் தெரிந்தது.

பொட்டலத்தின் தரம் வேறு சிக்கல். வேர்ப்பூஞ்சை உயிருள்ள வேரில் மட்டுமே பெருகும். ஆய்வகக் குடுவையில் பாக்டீரியாவைப் பெருக்குவதுபோல் இதை எளிதில் பெருக்க இயலாது. வெயிலில் கிடந்த கிட்டங்கியிலிருந்து வரும் பொட்டலத்தில் உயிருள்ள வித்து எத்தனை இருக்கிறது என்பதை விவசாயி கண்ணால் கண்டறிய முடியாது. உயிர் உரங்கள் 2006 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வருகின்றன. விதை நேர்த்திக்கு ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் டிரைக்கோடெர்மா விரிடியும் பூஞ்சைதான். ஆனால் அது நோய்க்கொல்லி என்பதால் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வருகிறது. சத்துக்கு ஒரு சட்டம், நோய்க்கு ஒரு சட்டம். வயலில் இரண்டையும் சேர்த்துச் செய்யும் உயிரினத்துக்கு எந்தச் சட்டம்? இந்த இடைவெளியில்தான் தரமற்ற சரக்கு புகுந்து, நல்ல தொழில்நுட்பத்தின் பெயரையும் கெடுக்கிறது.

பொட்டலத்தைவிட முக்கியமானது, வயலில் ஏற்கெனவே இருக்கும் பூஞ்சையைக் காப்பது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நிலத்தை நெடுங்காலம் தரிசாகப் போட்ட பிறகு விதைத்த பயிர், மண்ணில் சத்து இருந்தும் நோஞ்சானாக வளர்ந்தது. உயிருள்ள வேர் இல்லாத காலத்தில் வேர்ப்பூஞ்சை நலிந்துபோனதே காரணம் என்பது 1980-களில் தெளிவானது. அமெரிக்காவில் 1993-இல் ஏற்பட்ட பெருவெள்ளத்துக்குப் பிறகு மக்காச்சோள வயல்களிலும் இதே போன்ற மணிச்சத்துக் குறைபாடு பதிவாகியது. நீர் தேங்கிய மண்ணில் காற்றின்றி வேர்ப்பூஞ்சை தேய்ந்துவிடுகிறது.

காவிரிப் படுகையை அறிந்தவர்களுக்கு இது சிந்திக்கத்தக்க செய்தி. அங்கே மாதக்கணக்கில் நீர் நின்ற நெல் வயலில், அறுவடைக்கு முன்போ பின்போ உளுந்தும் பயறும் விதைக்கப்படுகின்றன. பூக்கும் பருவத்தில் 2 சதவீத டி.ஏ.பி. கரைசலை இலைவழியாகத் தெளிப்பது அங்கு வழக்கமான பரிந்துரை. வேர் வழியே போதிய மணிச்சத்து ஏறாமைக்கு, நெல்லுக்குப் பிறகு வேர்ப்பூஞ்சை நலிந்திருப்பதும் ஒரு காரணமா என்பதை வயல்தோறும் சோதித்து அறிவது மிகப்பெரிய செலவு பிடிக்கும் ஆய்வன்று. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டு வளர்த்த நெல்லுக்குப் பின் வரும் உளுந்தையும், நீர் தேக்கி வளர்த்த நெல்லுக்குப் பின் வரும் உளுந்தையும் ஒப்பிட்டாலே பல உண்மைகள் புலப்படும். விடை எதுவாயினும் அது அந்த விவசாயிகளுக்குப் பயன்படும்.

அவசரமும் ஆபத்து

இவ்வாறு சொல்லும்போது எழும் நியாயமான அச்சம் ஒன்று உண்டு. ரசாயன உரத்தைக் குறைத்தால் விளைச்சல் சரியாதா? இலங்கை நம் கண்முன் உள்ள பாடம். 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்கு அந்நாட்டு அரசு ஒரே நாளில் தடை விதித்தது. நெல் விளைச்சல் சரிந்தது. தேயிலைத் தோட்டங்கள் தள்ளாடின. அவ்வாண்டு நவம்பரிலேயே தடையைத் திரும்பப் பெற நேர்ந்தது. மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் முதல் வன்னி விவசாயிகள் வரை அதன் சுமையைச் சுமந்தார்கள்.

அதே இலங்கை 150 ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு பாடத்தையும் தந்தது. 1869-இல் அங்கே காபி இலையில் ஒரு துருப் பூஞ்சை கண்டறியப்பட்டது. மலை மலையாகக் காபி ஒன்றையே நட்டிருந்த தோட்டங்கள் அடுத்த இருபது ஆண்டுகளில் அழிந்து, அவ்விடத்தில் தேயிலை வந்தது. தமிழகத்திலிருந்து கூலிகளாகச் சென்ற குடும்பங்களின் வாழ்வை ஒரு பூஞ்சை புரட்டிப்போட்டது. ஒற்றைப் பயிரை நம்பியதால் ஒரு வீழ்ச்சி. மண்ணைத் தயார்ப்படுத்தாமல் உரத்தை நிறுத்தியதால் மற்றொரு வீழ்ச்சி. இவ்விரண்டிலும் முடிவெடுத்தவர்கள் ஒரு சிலர். இழந்தவர்கள் பல லட்சம் பேர். எனவே உரத்தை நிறுத்துங்கள் என்று நான் கோரவில்லை. மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே மிகுந்திருக்கும் இடங்களில், சோதனையின் அடிப்படையில், படிப்படியாகக் குறையுங்கள் என்கிறேன்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, எந்தவொரு ரகமும் ஒரு மாவட்டத்தின் பயிர்ப் பரப்பில் குறிப்பிட்ட பங்குக்கு மேல் போகாதபடி எச்சரிக்கை எல்லை வகுக்கப்பட வேண்டும். கரும்பில் ஆலைகளே சாகுபடியைப் பதிவு செய்கின்றன என்பதால் இதைக் கண்காணிப்பது கடினமில்லை. எல்லையை நெருங்கும்போதே மாற்று ரகத்தின் விதைக் கரும்பு நாற்றங்கால் தயாராக இருக்க வேண்டும். நோய் வந்தபின் தேடுவது காலங்கடந்த செயல்.

இரண்டாவதாக, 2015-இல் தொடங்கப்பட்ட மண்வள அட்டையை முழுமையாக்க வேண்டும். அதில் 12 அளவீடுகள் உள்ளன. தழை, மணி, சாம்பல் சத்துகள் முதல் போரான் வரை அனைத்தும் வேதியியல் சார்ந்தவை. மண்ணின் உயிர்நிலையைச் சொல்லும் அளவீடு ஒன்றுகூட இல்லை. எல்லா வயலுக்கும் உடனடியாக அதைச் செய்ய இயலாது என்பது உண்மை. வட்டாரத்துக்குச் சில மாதிரி வயல்களிலாவது வேர்ப்பூஞ்சையின் அளவையும் நோய்ப் பூஞ்சைகளின் அளவையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கலாம். எந்த வயலுக்குப் பொட்டலம் பயன்படும், எந்த வயலுக்கு வீண் என்பதைச் சொல்லாமல் விவசாயியை வாங்கச் சொல்வது நேர்மையாகாது.

மூன்றாவதாக, உயிர் உரமும் உயிர்வழி நோய்க்கொல்லியும் ஒரே தர ஆய்வு அமைப்பின் கீழ் வர வேண்டும். தொழிற்சாலையில் மட்டுமின்றிக் கடை அலமாரியிலிருந்து எடுத்த மாதிரியிலும் உயிருள்ள வித்துகள் எண்ணப்பட வேண்டும். முடிவுகள் விவசாயி படிக்கும் வகையில் தமிழில் வெளியிடப்பட வேண்டும்.

நான்காவதாக, புதிய ரகங்களைத் தேர்ந்தெடுக்கும் சோதனை வயல்களில் முழு உர அளவோடு நில்லாமல், குறைந்த மணிச்சத்திலும் அவற்றைச் சோதிக்க வேண்டும். உரம் நிறைந்த மண்ணில் மட்டுமே தேர்வெழுதிய ரகம், பூஞ்சையோடு ஒத்துவாழும் திறனைக் காட்ட வாய்ப்பே பெறுவதில்லை. புதிய ரகங்கள் அத்திறனை இழந்துவிட்டனவா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒருமுகமாக இல்லை. அதனாலேயே நம் மண்ணில், நம் ரகங்களில் இதைச் சோதிப்பது அவசியமாகிறது.

இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. கோவையில் கரும்பு நிறுவனமும் வேளாண் பல்கலைக்கழகமும் இருக்கின்றன; வெல்லிங்டனில் துரு நோயைக் காக்கும் நிலையம் இருக்கிறது; வட்டாரந்தோறும் விரிவாக்க மையங்கள் இருக்கின்றன. பயிர்நோய்க் கோப்பும் உரக் கோப்பும் ஒரே மேசைக்கு வர வேண்டும் என்பதே குறை. டி.ஏ.பி. மூட்டைக்கு அரசு செலவிடும் மானியத்தில் மிகச் சிறு பங்கை மண்ணின் உயிரைக் கண்காணிக்க ஒதுக்கினால், அடுத்த கோ 0238 வீழும்போது மாற்று ரகம் வயலில் இருக்கும். அடுத்த தட்டுப்பாட்டின்போது விவசாயியின் மண்ணே அவருக்கு ஓரளவு கைகொடுக்கும். வரும் நிதிநிலை அறிக்கைகளில் மத்திய, மாநில அரசுகள் இதற்கென ஒரு தொகையை ஒதுக்குகின்றனவா என்பதைப் பொறுத்தே, பூஞ்சையை நாம் புரிந்துகொண்டோமா என்பது தெரியவரும்.